வட்டியில்லாத ஆறு மாதம்

ரஞ்சிதா கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள். அஸ்தம்பட்டி பேங்க் ஆபீசில் கார்டு பாக்கி பார்க்கிற பெண்.

ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.

என் மடியில் இருந்த மஞ்சள் பையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் இருந்தது. ஆறு மாதம் சத்தீஸ்கரில் போர்வெல் போட்ட கூலி. நான் கடன் வாங்கியதும் ஒரு லட்சத்து இருபதுதான். கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ராசிபுரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பி வந்தோம்.

"முதல் மாசமே கட்டத் தவறிட்டீங்க ஐயா. அன்னிக்கே சலுகை ரத்தாயிருச்சு. அப்புறம் வட்டி, அபராதம், எல்லாம் சேந்துருச்சு."

வெளியே எங்கள் ஆம்னி வேன் நின்றது. பழைய வண்டி. என் வீட்டுக்காரி மாரியாயி அதில் ஏறி வந்த முதல் பயணம் இது.

போர்வண்டியில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன். இரண்டு முட்டியும் போய்விட்டன. இனி அந்த வேலைக்குப் போகாமல் இருக்கத்தான் ஆம்னி. மில்லுக்குப் போகிற பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கினால் எங்கள் இரண்டு பேருக்குப் போதும். கடனை அடைக்க ஒரே ஒரு சீசன், அதோடு சரி என்று சொல்லிவிட்டுத்தான் கடைசியாகப் போனேன்.

ஆம்னி வாங்கும்போது பற்றாத பணத்துக்கு ஒரு கார்டைத் தேய்த்திருந்தேன். அதற்கு மாதம் மூன்றரை வட்டி. அப்போதுதான் இந்த பேங்கிலிருந்து போன் வந்தது. அந்தப் பாக்கியை எங்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு வட்டியே இல்லை என்றார்கள். தாள் கொடுத்தார்கள். தமிழில்தான் இருந்தது.

நான் படித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு வேகம் வராது.

மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு மாதம் தவறினாலும் முதல் நாளிலிருந்து வட்டி ஏறும் என்றும் இருந்தது.

அதையும் படித்தேன்.

படித்துவிட்டு, அது தவணையில் கட்டுகிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் ஆறாவது மாதம் மொத்தமாகக் கட்டப் போகிறேனே.

போர்வண்டியில் அப்படித்தான். வண்டி கிளம்பிவிட்டால் பீடிக்கும் டீக்கும்தான் கையில் காசு. சீசன் முடிந்து வண்டி திருச்செங்கோடு திரும்பினால் ஒரே நாளில் கணக்கு முடிப்பார்கள். நடுவில் நாமும் கேட்க மாட்டோம், முதலாளியும் கொடுக்க மாட்டார். கொடுக்கல் வாங்கல் என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"மாசாமாசம் லெட்டர் போட்டிருக்கமே. ஒண்ணு கூடவா நீங்க பாக்கல?"

போனில் வந்த மெசேஜெல்லாம் இங்கிலீஷ். அது எனக்குத் தெரியாது. லெட்டரைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் மாரியாயி கூடைக்குள் கையை விட்டு ஆறு கவர்களை எடுத்து மேசைமேல் அடுக்கினாள். ஒன்றின் ஓரம்கூட மடங்கவில்லை.

"பிரிக்கலீங்க சாமி. எங்கூட்டுல படிச்சவரு அவரு ஒருத்தருதானுங்க. வந்து படிப்பாருன்னு பத்திரமா வெச்சிருந்தனுங்க."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். மாரியாயி அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நான் பேர் எழுதக் கற்ற வருடம் எங்கள் தெருவில் அவள் போய்ச் சொல்லாத வீடு இல்லை.

ரஞ்சிதா கெட்ட பெண் இல்லை. இருப்பதைக் கட்டுங்கள், மீதி நாற்பத்திரண்டாயிரத்தை மாதத் தவணைத் திட்டத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றாள். மாற்றினால் ஆம்னி தங்கும். மறுபடி எங்காவது தவறினால் ஆம்னியை விற்றுத்தான் அடைக்க வேண்டும், நான் திரும்பப் போர்வண்டி ஏற வேண்டும். புதன்கிழமை ஒரு வண்டி கிளம்புகிறது. போர்வண்டி மேனேஜர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

ஆறு பக்கத் தாள் ஒன்றை நகர்த்தி, பேனாவை அதன்மேல் வைத்து, பென்சிலில் குறி போட்டிருந்த இடங்களை மட்டும் வேகமாகக் காட்டினாள். இங்கே, இங்கே, கடைசியில் இங்கே.

நான் பேனாவை எடுத்தேன். மூடியைப் போட்டு அவளிடமே கொடுத்தேன்.

"மை டப்பா இருக்குதுங்களா சாமி? நான் கைநாட்டுங்க."

மாரியாயி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

ரஞ்சிதா பழைய தாளில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தாள். என் பெருவிரலைப் பார்த்தாள். மை டப்பாவை எடுத்து வைத்தாள். கைநாட்டு என்றால் அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. முழுக்க வாய்விட்டுப் படித்துக் காட்டி, விளங்கச் சொல்லி, சாட்சியும் வாங்க வேண்டும். பக்கத்து மேசைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

ஆறு பக்கமும் படித்தாள். ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தி, "அதாவது ஐயா, மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள நீங்க ஊர்ல இருந்தாலும் இல்லாட்டியும்" என்று பேச்சில் சொன்னாள்.

முடித்துவிட்டு, "புரிஞ்சுதுங்களா?" என்றாள்.

நான் கையெழுத்துப் போட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.