நான்கும் மிஸ்ஸிங்

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில், காரின் பழுதைக் காட்டும் ஸ்கேனரை அவள் கோபத்தோடு குத்திச் செருகினாள்.

தம்பி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும்.

பதினாறு நாட்களாக வீட்டில் யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. விடியற்காலையில் மூச்சுத் திணறிய அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பாலத்தின் மேல் கார் மிஸ்ஸிங் ஆகி, விட்டு விட்டு இழுத்து நின்றுவிட்டது என்று தம்பி சொல்லியிருந்தான். திரும்பக் கிளம்ப நாற்பது நிமிடம் ஆனதாம். அம்மாவிடம் அந்த நாற்பது நிமிடம் இருக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அந்தக் காருக்கு அவள் தன் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்திருந்தாள். எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கையும் மாட்டியது அவள் கைதான்.

ஊரார் வண்டியெல்லாம் ஓடுகிறது, பெற்றவளை ஏற்றிய வண்டி மட்டும் நின்றுவிட்டதே என்று சித்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். அப்பா அதை மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு பிளக்கைச் சரியாக முறுக்காமல் விட்டுத் தொலைத்தோமோ? இன்று பொறுமை போய்விட்டது. எந்த பிளக் என்று தெரிந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொண்டாவது திட்டலாம்.

சாவியைத் திருப்பினாள். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை முறை எரியாமல் விட்டது என்று திரை காட்டியது.

முதலாவது, நாற்பத்தொன்று. இரண்டாவது, முப்பத்தொன்பது. மூன்றாவது, நாற்பத்து மூன்று. நான்காவது, நாற்பது.

அவள் மறுபடியும் படித்தாள்.

பிளக் கெட்டால் ஒரு சிலிண்டர்தான் நொண்டும். நான்கும் ஒன்றாக நொண்டாது. வீட்டில் நான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பட்டினி என்றால் பிள்ளைகளையா குறை சொல்வது? பானையைத் திறந்து பார்க்க வேண்டும்.

பழுது விழுந்த நொடியில் கார் எந்த நிலையில் இருந்தது என்பதையும் ஸ்கேனர் சேமித்து வைத்திருந்தது. வேகம் இருபத்திரண்டு. எஞ்சின் சூடு சரி.

பெட்ரோல், பூஜ்யம்.

பதினாறு நாள்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் காரிலிருந்து இறங்கி, ஸ்கேனரைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பெட்ரோல் இல்லாம ஓட்டிட்டு, என் தலையிலயாடா போட்ட?"

அவன் சட்டென்று பின்னால் இருந்த கதவைச் சாத்தினான்.

"மெதுவாக்கா. முந்தின நாள் சாயங்காலம் அம்மா மாத்திரைக்காக அப்பா கடை கடையா அலைஞ்சிருக்காரு. திரும்பி வரும்போது பெட்ரோல் போட மறந்துட்டாரு. நான்தான் கேன்ல வாங்கிட்டு ஓடி வந்தேன். அவருக்கு இது தெரியாது."

ஓங்கி ஒரு அறை வைக்கலாம் போலிருந்தது. தூக்கிச் சுமக்க இந்த வீட்டில் அவள் தலைதான் கிடைத்ததா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

கதவு திறந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த அப்பா, அவள் கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்தார்.

"என்ன காட்டுது?"

அவள் ஸ்கேனரில் பதிவை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. திரை உடையும் அளவுக்கு இன்னொரு முறை அழுத்தினாள்.

"மூணாவது பிளக்குப்பா. நான் சரியா டைட் பண்ணல."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.