பேசாத ஒரு மணி நேரம்

ஜன்னல் வழியே வரும் காலை வெயில், நாற்காலியில் சாய்ந்திருக்கும் தமிழ் டீச்சரின் கழுத்துவரை ஏறியிருக்கிறது. அவள் நாக்கின் இடது ஓரத்தில், புற்றுக்கட்டியின் மேல், தபால் தலை அளவுள்ள மருந்துப் பட்டையை நர்ஸ் இப்போதுதான் ஒட்டி முடித்திருக்கிறாள். இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து அது. கட்டியை மட்டும் சுருக்கிவிட்டால், பத்து நாள் கழித்து நடக்கும் ஆபரேஷனில் நாக்கை வெட்டுவது குறையும். "ஒரு மணி நேரம் வாயே திறக்கக் கூடாது," என்கிறாள் நர்ஸ். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் கணவர் தையல்காரர். 'ம்' கொட்டியே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர். இன்று அவர்தான் பேச வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொல்கிறார், மூன்றா நான்கா என்று குழம்புகிறார், நிறுத்திவிடுகிறார். அவள் எச்சில் விழுங்கும்போது கண்கள் சுருங்குகின்றன. அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் நீல நூலை எடுத்துத் தன் விரலில் சுற்றிக்கொள்கிறாள். நேரம் முடிந்து நர்ஸ் பட்டையை உரித்தெடுக்கிறாள். "இனி பேசலாம், டீச்சர்." அவள் வாய் கொப்பளித்துவிட்டுப் பேசாமலே இருக்கிறாள். அவர் கொளுத்தும் வெயிலைப் பார்த்தபடி, "மள வரும்போல இருக்கு," என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் உச்சரிப்பைத் திருத்திவருபவள், அவர் முகத்தையே பார்க்கிறாள். நாக்கை மெல்ல, வலியோடு மேலே மடிக்கிறாள்.

"மழை."

"அதான் சொன்னேன், மள," என்கிறார் அவர், அவள் மறுபடியும் திருத்தட்டும் என்று.