புதிதாக வந்த நீர்ப்பல்லி

தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. துரைசாணி ஆசையாய் வளர்க்கும் வெள்ளை நீர்ப்பல்லி, பீங்கான் கிண்ணத்தில், நன்றாக ஆறிய வெறுந்தேநீரில் அசையாமல் கிடக்கிறது. அதன் முன்னங்காலில் இரண்டு விரல்களைக் காணோம். கழுத்தோரத்துச் சிவப்புச் செவுள் குஞ்சமும் பிய்ந்திருக்கிறது. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைகளின் புண்ணைக் கழுவும் பக்குவத்தில் அந்தத் தேநீரை ஊற்றியவள், நீர்ப்பல்லித் தொட்டியைக் கழுவும் செவனம்மா. புண்ணில் பஞ்சுபோல் பூஞ்சை ஏதும் பூத்திருக்கிறதா என்று அவள் குனிந்து பார்க்கிறாள். துரைசாணியோ கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு, செவனம்மாவின் நகங்களைப் பார்க்கிறாள்.

"நெசம் சொல்லு. தொட்டி தேய்க்கிற நேரம் நீதானே குத்தினது?"

"சாமி சத்தியமா இல்லைங்க தொரசாணி. நேத்து நீங்க தொட்டியில விட்டீங்களே, அந்தப் புதுக் குட்டி மேலதாங்க எனக்குச் சந்தேகம்."

"அது சின்னது. கடிக்காது."

பங்களா வேலை போனால் நாளை முதல் மலையில் கொழுந்து பறிக்கும் கூடைதான் என்று செவனம்மாவுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் சுண்டுவிரலை மெல்ல இறக்குகிறாள். மூலையில் கல்லாய்க் கிடந்த கறுப்புக் குட்டி சட்டென்று பாய்ந்து விரலைக் கவ்வுகிறது. பல் அரம்போல் சுரசுரக்கிறது. அவள் உதறவில்லை, துரைசாணி பார்க்கட்டும் என்று அப்படியே நிற்கிறாள்.

துரைசாணியின் முகம் ஒரு கணம் தளர்கிறது. பிறகு கண்கள் மறுபடி இடுங்குகின்றன.

"இப்படிக் கடிக்க நீ எப்போ பழக்கினது?"