தேடலில் வராத பக்கம்

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை, மூன்றாவது வாக்கியத்தில் நின்றது.

அது அவளுடைய வாக்கியம்.

கூடத்தில் அவள் கணவன் கதிரேசன் கைப்பேசியைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய அக்கா அலமேலு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுக்கு ஒன்று பிடித்துவிட்டால் வீடே கேட்டாக வேண்டும். போன வாரம் சர்க்கரைக்கு ஆவாரம்பூ. அதற்கு முந்தின வாரம் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர்.

இந்த வாரம் அவள்.

எழுதியவர் பெயர் இல்லை. 'படித்ததில் பிடித்தது' என்று மட்டும் தலையில் போட்டிருந்தது. அதையும் சேர்த்தே படித்தான்.

வலைப்பூ என்று ஒன்றை அவள் எழுத ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தன் பெயர் போடவில்லை. ஊர்ப் பெயரும் போடவில்லை. தொடங்கிய அன்றே, 'தேடுபொறிகளில் காட்ட வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இந்த வேண்டுகோளை ஏற்பதும் ஏற்காததும் தேடுபொறிகளின் விருப்பம்.

அந்த வீட்டில் அவளுடைய வேண்டுகோள்கள் எல்லாமே அப்படித்தான். அதனால் அது அவளுக்குப் புதிதாகப் படவில்லை.

அவ்வப்போது தன் வரிகளையே போட்டுத் தேடிப் பார்ப்பாள். வராது. வராத நிம்மதியில் அடுத்ததை எழுதுவாள். நாத்தனார் சொன்னது, மாமியார் சொல்லாமல் சொன்னது, கதிரேசன் சொல்ல மறந்தது எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. எழுதிய பிறகு அவர்களுக்கே சோறு போடுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

அவள் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தாள். முகம் தெரியாத யாராவது வழிதவறி வந்து, படித்துவிட்டு, சத்தமில்லாமல் போனால் போகட்டும் என்று ஓர் ஆசை.

வந்தவர் சும்மா போகவில்லை.

கதிரேசன் படித்துக்கொண்டே போனான். நான்கு மாதக் கரு கலைந்து, ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வீடு திரும்புகிறாள். மடியில் மருந்துப் பை. பக்கத்தில் கணவன். கடைத்தெருவில் ஆட்டோ திரும்பும்போது அவன் கேட்கிறான். மாவு வாங்கிக்கொண்டு போய்விடலாமா, இல்லை நீயே அரைத்துவிடுகிறாயா?

அடுப்படியில் நின்றவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தாள். எப்படித் தெரியாமல் போகும்? ஆட்டோ அதேதான். மாவும் அதேதான். கேட்டது இதோ இதே குரல்தான்.

கதிரேசன் படிப்பதை நிறுத்தினான்.

"என்ன ஜென்மமோ இவன்," என்றான். "இவனையெல்லாம் கட்டிக்கிட்டு அந்தப் பொம்பள எப்படித்தான் குப்பை கொட்டுதோ."

அவளுக்கு வயிறு எரிந்தது.

எடுத்தவர் மேலா, அனுப்பிய அலமேலு மேலா, படிக்கிறவன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 'வலித்தது' என்று அவள் எழுதிய இடத்தில் யாரோ 'இதயம் ரணமாகித் துடித்தது' என்று மாற்றியிருந்தார்கள். அதற்கும் தனியாக எரிந்தது. அந்த ஒரு சொல்லை வைக்க அவள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

என்னுடையது என்று சொன்னால் எங்கே எழுதினாய் என்று கேட்பார்கள். காட்ட வேண்டும். இருட்டுவதற்குள் அலமேலு ஆறு வருடத்தையும் படித்து முடித்துவிடுவாள். அப்புறம் எழுதியவளுக்கென்று உலகத்தில் ஓர் இடம் கிடையாது.

சொல்லாவிட்டால், அவள் இழந்த பிள்ளை ஆவாரம்பூவோடு சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றும்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே கொட்டியது பறிகொடுத்தவளை.

இன்னொரு வெண்டைக்காயை எடுத்தாள். அது முற்றல். தூக்கிப் போட்டாள்.

'பெண்மையைப் போற்றுவோம், பிடித்திருந்தால் பகிருங்கள்' என்று கதிரேசன் முடித்தான். குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. சித்தப்பா போட்டுவிட்டார் என்றான். மாப்பிள்ளைகூடப் போட்டுவிட்டார் என்றான். தானும் ஒன்று போட்டான். பிறகு கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உண்மையாகவே கலங்கியிருந்தான்.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். கூடத்துக்கு வந்து அவன் எதிரில் நின்றாள்.

"அது அங்க முடியலைங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். விரலால் திரையை மேலும் கீழும் தள்ளினான். அவ்வளவுதான் இருக்கிறது என்று அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினான்.

அவள் அதைப் பார்க்கவில்லை.

"கடைசி வரிய வெட்டிட்டாங்க."

அவன் முகத்தில் இன்னும் அந்தப் பெண்ணுக்கான இரக்கம் மிச்சமிருந்தது.

"அன்னிக்குச் சாயங்காலமே அரைச்சேன்," என்றாள். "மறுநாள் இட்லி பஞ்சு மாதிரி இருக்குன்னு சொன்னீங்க."