இருக்கைன்னா என்ன அர்த்தம்?

"எந்திரி! இதெல்லாம் விக்கிறதுக்கு வெச்சிருக்கோமா, நீ உட்கார்றதுக்கு வெச்சிருக்கோமா?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் பதறி எழுந்தாள். திரும்பிய பக்கமெல்லாம் நாற்காலியாகக் கிடக்கும் அந்த ஃபர்னிச்சர் கடையில் விற்பனைக்கு நிற்பவள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

சாப்பாட்டு மேசை வாங்க வந்திருந்த ரிடையர்டு பஸ் கண்டக்டருக்குச் சுருக்கென்றது. ஆயுசு முழுக்க நின்றே டிக்கெட் கிழித்தவர். ஓரமாக உட்கார இடம் கேட்டதற்கு முறைத்த பயணிகளின் முகத்தை இன்னும் மறக்காதவர்.

"தம்பி, வாசல் போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"'சொகுசு இருக்கைகள்'னு, சார்."

"இருக்கைன்னா என்ன அர்த்தம்?"

"சேர்தான் சார்."

"நாற்காலின்னா நாலு கால்னு அர்த்தம். அது மரத்தோட கணக்கு. இருக்கை அப்படியில்ல. 'இரு'ங்கிற சொல்லுலேருந்து வந்தது. அது மனுஷனோட கணக்கு. நான் ஒண்ணும் படிச்சுக் கிழிக்கல. பஸ்ல சீட்டுக்கு மேல அந்த எழுத்தையே பார்த்துப் பார்த்து யோசிச்சது. அதை வாசல்ல எழுதி வெச்சுட்டு, உள்ளே ஒரு பொண்ணை நில்லுங்கிறியே, கூசல?"

"முதலாளி போட்ட ரூல் சார்..."

"கூப்பிடு உன் முதலாளியை! இந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்டூல் வராம வண்டி நகராது!"

"அதானே!" என்று நாலு பேர் கூடிவிட்டார்கள். மேனேஜர் போனில் குசுகுசுத்தார். வியர்வையைத் துடைத்தார். கடைசியில் குடோனிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருங்கய்யா" என்றாள்.

புது மேசையும் இரண்டு நாற்காலிகளும் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் அந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்தும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"மனுஷங்களா அவனுங்க? கண்ணு முன்னால ஒரு உசுரு நிக்குது. அதுகூடத் தெரியலன்னா அந்தக் கண்ணு எதுக்கு? பிடுங்கிப் போட வேண்டியதுதானே! இன்னொரு கரண்டி போடு. நான் விடலையே! உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன்ல! தண்ணி எங்கே?"

எதிர் நாற்காலியில் அவருடைய துண்டும் பேப்பரும் கிடந்தன.

தண்ணீரை ஊற்றிவிட்டு, கரண்டியோடு நின்றிருந்த மனைவி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு சொன்னாள்: "பாவங்க, அந்தப் பொண்ணு."