முதுகுப்பையில் திருநீறு

“அவன்ரை பைக்குள்ள என்னத்தை வைச்சனீர்? திருப்பிச் சொல்லும்.”

விக்னராஜா பேப்பரை மடித்துக் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார். கோபம் வந்தால் கத்துகிற மனிதர் இல்லை அவர்; குரல் இறங்கிவிடும். இப்போது நன்றாகவே இறங்கியிருந்தது.

“திருநீறு” என்றாள் பவளம். “நல்லூர்த் திருநீறு. பிளாஸ்டிக் பையில சுத்தி, அடியில, சேட்டுகளுக்குக் கீழ வைச்சனான். அவனுக்குத் தெரியாது. சொன்னால் எடுத்தெறிஞ்சு போடுவான்.”

பாவம், அவரைத் தேற்றத்தான் அதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பேப்பரிலிருந்து ஒரு செய்தியை வாசித்துக் காட்டினார். அவுஸ்திரேலியப் பெடியன்கள் இரண்டு பேர் தாய்லாந்து எல்லையில் வெள்ளைத் தூளோடு பிடிபட்டுவிட்டார்கள். மலேசியாவில் என்றால் இப்போது இதற்குத் தூக்குக்கூடக் கொடுப்பார்களாம். எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் வராது, திருநீறு கூடப் போயிருக்கிறது என்று அவள் வாயை விட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

“வெள்ளைத் தூள்” என்றார் விக்னராஜா. “பிளாஸ்டிக்கில சுத்தி, சேட்டுக்குக் கீழ ஒளிச்சு. உமக்கு விளங்குதே?”

பவளத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

மகன் சிறிதரன் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வரும்போது எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலையோடு வந்தவன். யுனிவர்சிட்டிக்குப் போய் இரண்டு வருடத்தில் மயிர் தோளில் புரண்டது. விடுமுறைக்கு வெள்ளைக்காரப் பெடியன்கள் பாலி, பாங்கொக் என்று பையைத் தூக்கினால் இவனும் தூக்க வேண்டும். கொழும்பில் மாமா வீடு இருக்கிறது, டிக்கெட் எடுத்துத் தாறன், அங்கே போய் நில் என்று தகப்பன் கெஞ்சிப் பார்த்தார். அவன் காது கொடுத்தால்தானே!

கடைசியாக வந்த போஸ்ட்கார்ட், தாய்லாந்து சுற்றி முடித்து மலேசியாவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னது. ஈப்போவுக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மலை ஊர். மரக்கறி லொறியில் ஓசியில் ஏறிப் போனானாம். ஒரு சீனக் கிழவரின் விடுதியில், ஒரே அறைக்குள் வரிசையாகக் கட்டில்களாம். இரவில் குளிர் நடுக்குகிறதாம். காட்டுக்குள் நடந்தால் கால் முழுக்க அட்டை. காலையில் தமிழர் கடையில் ரொட்டியும் பருப்பும். அந்தத் தமிழர் கடையை நினைத்துத்தான் பவளம் இத்தனை நாளும் நித்திரை கொண்டாள்.

“அந்த மயிரைக் கண்டாலே பொலிஸ்காரன் பையைக் கொட்டிப் பாப்பான்” என்றார் விக்னராஜா.

தந்தி அடிப்போம் என்றாள் பவளம். அம்மா வைத்த வெள்ளைத் தூளை உடனே எறி என்றா தந்தி அடிப்பது என்று அவர் கேட்டார். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. நானே என் பிள்ளைக்குக் கயிறு திரித்துக் கொடுத்துவிட்டேனே என்று அழத் தொடங்கினாள். அவளை அழவைத்ததற்காக அவருக்கும் மனம் நொந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. படித்தவள் செய்கிற வேலையா இது என்று இரண்டு தரம் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. மலேசியாவிலிருந்து அழைப்பு என்றாள் ஓப்பரேட்டர். விக்னராஜா பேச வாயெடுப்பதற்குள் மறுபக்கத்தில் யாரோ அம்மாவைக் கேட்டார்கள். அவர் ரிசீவரை நீட்டினார்.

“அம்மா, பயப்படாதீங்க. நான் போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசுறேன். நம்ம தமிழ் ஆளுதான். உங்க மகன் என் முன்னாலதான் உக்காந்திருக்காரு.”

பவளம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

விடுதியில் சோதனை போட்டார்களாம். இவனுடைய பையில் பொட்டலங்கள் அகப்பட்டனவாம். அம்மா வைத்த திருநீறு என்று சொல்லி இவனே ஒன்றை எடுத்து நீட்டினானாம். இன்ஸ்பெக்டர் பிரித்துப் பார்த்தாராம். மணமே சொல்லிவிட்டதாம். அவரும் கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாராம்.

“மத்ததும் அதே மாதிரிதான் கட்டியிருக்கு. சாமி சமாச்சாரம், ஸ்டேஷன்ல வச்சுக் கிளற மனசு வரல. மூணும் நீங்க வச்சதுதான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா தம்பியை அனுப்பிடுவேன்.”

லைன் இரைந்தது. பவளம் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். விக்னராஜா என்ன, என்ன என்று கையால் கேட்டார்.

“ஓம் தம்பி” என்றாள் அவள். “மூண்டும் நான்தான் வைச்சனான். அதுகளைப் பிரிக்க வேண்டாம். சாமிக் குற்றம்.”

இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்டார். தம்பி இன்றைக்கே பஸ் ஏறலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடயத்தைக் கேட்ட விக்னராஜா அப்படியே கதிரையில் சரிந்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு எழும்பி, கோயிலென்றால் வாசலில் நின்றுகொள்ளும் அந்த மனிதர், குசினி அலுமாரியில் இருந்த சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பேசினதை மனதில் வைத்துக்கொள்ளாதேயும் என்றார். அவருக்குச் சிரிப்பும் வந்தது.

“அதுசரி, மூண்டு பொட்டலம் என்னத்துக்கப்பா? ஒண்டு காணாதே?”

பவளம் இன்னும் ரிசீவரை வைக்கவில்லை.

“நான் ஒண்டுதான் வைச்சனான்” என்றாள்.