சுகர் யார் வீட்டுச் சொத்து?

நாடு முழுக்கக் குடும்பங்களின் உடல்நலத்தையும் மரபணுவையும் ஆராயும் திட்டத்துக்காக டெல்லி ஜனக்புரிக்கு வந்திருந்த இளவரசி, ஜோதிலிங்கத்தின் வீட்டில் முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அங்கிள், உங்க பையனுக்குச் சின்ன வயசுலயே சுகர் வந்திருக்கு. யார் குடும்பத்துலருந்து வந்திருக்கும்?"

ஜோதிலிங்கம் யோசிக்கவே இல்லை. "இவ வீட்டுலருந்துதான். கல்யாணத்தன்னைக்கே ஊசி போட்டுக்கிட்டு வந்தவர் என் மாமனார்."

கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்தார் காந்திமதி. "எங்க அப்பாவை இழுக்காதீங்க. இவங்க அம்மா மாத்திரையை முழுங்கின கையோட ஜிலேபி சாப்பிட்டவங்கம்மா. அங்கேருந்துதான் வந்துச்சு."

"உங்க அப்பா அல்வாக் கடை வாசல்லயே குடியிருந்தவர்தானே?"

இளவரசிக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. "அச்சா, சண்டை வேண்டாம். ஆராய்ச்சியே அதுக்குத்தான். அங்கிள், உங்க அம்மாவோட அப்பா பேரு?"

"சங்கரபாண்டியன், தென்காசி."

டேப்லெட்டில் தட்டிப் பதிவு செய்தாள். "ஆன்ட்டி, உங்க அப்பாவோட அப்பா?"

"சங்கரபாண்டியன், தென்காசி."

இந்த நபர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறார் என்றது டேப்லெட். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த இளவரசி விழித்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தாவா?"

"பின்னே? இவங்க என் சொந்த அத்தை மகன்தானே," என்றார் காந்திமதி.

"அப்போ சுகர் ஒரே வீட்டுலருந்துதான் வந்திருக்கு. உங்க தாத்தாகிட்டருந்து..."

கணவனும் மனைவியும் அன்றைக்கு முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்.

"எங்க தாத்தாவைச் சொல்லாதே. அதெல்லாம் பாட்டி வீட்டுலருந்து வந்தது."